டான்டலஸ் வைத்த விருந்து

உன் பிரியாணிக் கடையின் புதுக் கிளைத் திறப்பு விழாவில் நான் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனதற்குக் காரணம் கடைச் சாப்பாட்டின் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு என்று உன் அத்தை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. "அண்ணிக்கு அந்த கான்வென்ட் திமிரு இன்னும் போகலை. நாலு பேரோட உட்கார்ந்து கையால பிரியாணி சாப்பிட்டா கௌரவம் குறைஞ்சிடும்" என்று அவள் சொன்னது சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர் காது வரைக்கும் எட்டிவிட்டது. உன் பிரியாணியில் எந்தக் குறையும் இல்லை. அரிசி உதிரியாக இருந்தது, கறி வெந்திருந்தது, உப்பு அளவாக இருந்தது. நான் கையால்தான் சாப்பிடுகிறேன். கான்வென்டில் ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கையைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. மருமகளோடு எனக்குச் சண்டை என்று இன்னொரு பேச்சும் இருக்கிறது. அதுவும் இல்லை. உன் அத்தை சொன்னதில் அருவருப்பு என்ற ஒரு சொல் மட்டும் சரி. அது வந்தது உன் சமையலைப் பார்த்து அல்ல. உன்னைப் பார்த்து.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ செய்வதை இப்போது பல வீடுகளில் செய்கிறார்கள், பாட்டிமார்களும் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார்கள். அதனால் மற்றவர்களும் படிக்கட்டும் என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். உன் பெயர், உன் கடையின் பெயர், குழந்தையின் பெயர் எதுவும் இதில் இருக்காது. குழந்தையைக் கடைத்தெருவில் நிறுத்தாதே என்று சொல்ல வந்தவள், நானே அவளை இன்னொரு முறை அங்கே நிறுத்தக் கூடாது.

உன் அப்பா தவறிப்போன சில மாதங்களில் நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு முதல் கடையைப் போட்டாய். நான் தடுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தாய். "அம்மா, பலகையில கடைப் பேருக்குக் கீழ ஒரு இங்கிலீஷ் வார்த்தை வேணும். டேஸ்டி, யம்மின்னு எல்லாரும் போடறான். நீ படிச்சவ, கொஞ்சம் கிளாஸா ஒண்ணு சொல்லேன்" என்றாய். நான் யோசிப்பதற்குள் நீயே "டேன்டலைசிங் எப்படி?" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல வார்த்தை, ஆசையைத் தூண்டுவது என்று அர்த்தம், தைரியமாகப் போடு என்றேன். பலகை எழுதுகிறவர் அனுப்பிய மாதிரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தி அனுப்பினேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. கடை திறக்கிற நேரத்தில் பிள்ளையிடம் சொல்கிற கதையா அது என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த மங்களூர்க்கார சிஸ்டர், ஒரு வார்த்தையைச் சொன்னால் அதன் பிறந்த ஊரையும் சொல்லாமல் விடமாட்டார். கிரேக்கக் கதைகளில் டான்டலஸ் என்று ஓர் அரசன் வருகிறான். செத்த பிறகு பாதாளத்தில் அவனைத் தாடை வரைக்கும் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தாகத்தோடு குனிந்தால் தண்ணீர் வற்றிக் கீழே போய்விடும். தலைக்கு மேல் பழக்கிளைகள் தொங்கும். கையை நீட்டினால் காற்று வந்து கிளையைத் தூக்கிவிடும். முடிவில்லாமல் அப்படியே நிற்கிறான். கண்ணெதிரே காட்டிக் காட்டி, கிட்ட வரும்போது கொடுக்காமல் இருப்பதற்கு அவன் பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் 'டேன்டலைஸ்' என்ற வார்த்தை வந்தது. இதைச் சொல்லிவிட்டு சிஸ்டர் பக்கத்தைத் திருப்பினார். முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "அவன் அப்படி என்னதான் தப்பு செஞ்சான் சிஸ்டர்?" என்று கேட்டாள். சிஸ்டர் புத்தகத்திலிருந்து நிமிராமலே, "வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைச் சோதித்தான். உட்கார்" என்றார். அது முழு பதில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மீதியை நானே பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்துவிட்டு அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அந்த மீதியைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கடை விளம்பரத்துக்காக உன் மகளை வைத்து நீ எடுத்த முதல் வீடியோ வந்தபோது வீட்டில் நான் தனியாக இருந்தேன். குழந்தை மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நீ பாத்திரத்தின் மூடியைத் தூக்குகிறாய். ஆவி எழும்புகிறது. அவள் கண்கள் விரிகின்றன. "அப்பா, இது எனக்கா?" என்கிறாள். "வெயிட்... வெயிட்..." என்கிறாய். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்கிறாள். "இப்ப சாப்பிடு!" என்றதும் பாய்ந்து எடுக்கிறாள். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதிகள் அத்தனை பேருக்கும் அதை அனுப்பினேன். "சுத்திப் போடுடி, கண்ணு பட்டுடும்" என்று எழுதினார்கள். எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகு அந்த 'வெயிட்' நீண்டுகொண்டே போயிற்று. காத்திருக்கும்போது அவள் படுகிற பாட்டைத்தான் ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். அவள் சாப்பிடுவதை யாரும் பார்க்கவில்லை. அவள் விழுங்கும் எச்சிலையும், கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்வதையும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் அழுதுவிட்டாள். அந்த வீடியோதான் ஊரெல்லாம் பரவியது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவில் மனிதக் குரலைப் பிரித்துக் கேட்டவள். நீ போட்டிருந்த பாட்டுக்கு அடியில், மிக மெதுவாக, கேமரா பிடித்தவனிடம் ஒரு குரல் சொல்கிறது: "அழட்டும்டா. கட் பண்ணாத." அது உன் குரல். போனைக் காதோடு வைத்து மறுபடியும் கேட்டேன். உன் குரலேதான். ஆனாலும் மறுநாள் உன்னை அழைத்துக் கேட்கவில்லை. பையன் தொழிலில் இப்போதுதான் தலைதூக்குகிறான், மூக்கை நுழைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஏரிக்கரையில் நடந்தது உனக்கு இதுவரை முழுதாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். மாலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தோம். பைக்கில் போன ஒருவன் வண்டியை நிறுத்தித் திரும்பி வந்தான். வயது உன்னைவிடக் குறைவுதான். "டேய், பிரியாணி பாப்பாடா இது!" என்று பின்னால் இருந்தவனிடம் கத்தினான். பிறகு என்னிடம், "ஆயா, உன் பேத்தியா? எங்க வூட்ல டெய்லி இத்த பாத்துட்டுத்தான் சோறே துன்றது. இன்னா க்யூட்டா கீது! பாப்பா, ஒரே ஒரு வாட்டி அழுது காட்டு பாப்பா, எங்க வூட்டாண்ட காட்டணும்" என்று போனைத் தூக்கினான்.

"குழந்தையிடம் இப்படிக் கேட்கலாமா? போங்கள் இங்கிருந்து" என்றேன்.

"இன்னா ஆயா கோச்சிக்கினு? ஃபேமஸ் ஆயிட்டா இத்தெல்லாம் சகஜம். உங்க ஆளுங்கதானே போடுறாங்கோ, நாங்களா போட்டோம்?" என்றான்.

அவன் கேட்டது நியாயம். அதற்குள் அவன் போன் குழந்தை முகத்துக்கு நேராக வந்துவிட்டது. நான் கீழே பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்தவள் முகத்தைச் சற்றுச் சாய்த்தாள். கீழுதடு நடுங்கியது. கண்ணில் நீர் ததும்பியது. நிஜக் கண்ணீர் கன்னத்தில் உருண்டது. "சூப்பர் பாப்பா! செம!" என்று அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் போனதும் அவள் கவுன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டி, நல்லா வந்துச்சா?" என்றாள். எனக்குக் குமட்டியது. பேச்சுக்காக இப்படி எழுதவில்லை. கரையோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றேன். "பாட்டிக்கு மயக்கமா?" என்று அவள் என் முதுகைத் தடவினாள்.

அன்றே, இந்த வீடியோக்களை நிறுத்தச் சொல்லி உங்கள் இருவரோடும் போனில் பேசினேன். பேசியது உனக்கு நினைவிருக்கும். "அம்மா, இது ஜஸ்ட் கன்டென்ட் மா. நீ ஓவரா யோசிக்கற" என்றாய். உன் மனைவி போனை வாங்கி, "அத்தை, நாங்க ஃபோர்ஸ் பண்ணலை. அவளே கேக்கறா, இன்னைக்கு ஷூட் இல்லையா, இன்னைக்கு ஷூட் இல்லையான்னு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, நான் நம்புகிறேன். குழந்தை நிச்சயம் கேட்பாள். வாரம் முழுவதும் கடையே கதி என்று ஓடிக்கொண்டிருக்கும் அப்பா அவள் முகத்தையே முழுதாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த ஷூட்டின்போது மட்டும்தான். வேறு ஏதாவது செய்யும்போது நீ அவளை அப்படிப் பார்த்திருந்தால் அவள் அதைக் கேட்டிருப்பாள்.

இனி திறப்பு விழாவுக்கு வருகிறேன். பெரும்பாக்கம் சாலையில் உன் புதுக் கிளை. வாசலில் வாழைமரம், உள்ளே நீளமாகப் போட்ட மேஜை, உன் மாமனார் வீட்டார், உன் பழைய ஆபீஸ் நண்பர்கள், உன் அத்தை, நான். என்னைக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாய். எங்களுக்கெல்லாம் பரிமாறினார்கள். அவளுக்கு முன்னால் தனியாக ஒரு பெரிய தட்டு வந்தது. பளபளவென்று அரிசி, மேலே முழுத் தொடைக்கறி, சுற்றி முட்டை. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தட்டு அவள் கைக்கு எட்டவில்லையோ என்று அதை அவள் பக்கம் நகர்த்தப் போனேன்.

"பாட்டி, தொடாதீங்க! இது வீடியோ தட்டு" என்றாள்.

"அப்படின்னா?"

"இது சாப்பிடறது இல்ல. மேல எண்ணெய் தடவியிருக்காங்க, ஷைனிங்கா தெரியணும்ல? கறி உள்ள வேகலை. நல்லா வெந்தா உடைஞ்சிடும், கேமராவுல அசிங்கமா இருக்கும். தட்டுக்குப் பின்னாடி பாருங்க, வெந்நீர் கப்பு. அதுலேர்ந்துதான் புகை வரும்." வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல உற்சாகமாகச் சொன்னாள்.

"அப்போ நீ எப்ப சாப்பிடுவே?"

"ஷூட் முடிஞ்சதும் வேற தட்டு தருவாங்க. சில சமயம் அதுக்குள்ள தூக்கம் வந்துடும்."

அதுவரைக்கும், நீ அவளைக் காக்க வைக்கிறாய், கடைசியிலாவது கொடுக்கிறாய் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அவள் எட்டி எட்டிப் பார்ப்பது பச்சைக் கறி என்று எனக்குத் தெரியாது. என் தட்டிலிருந்து, காரமில்லாத இடமாகப் பார்த்து, ஒரு வாய் பிசைந்து அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையைப் பின்னால் இழுத்து, "அப்பா இன்னும் சொல்லலை பாட்டி" என்றாள். பசி அவள் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எதிரே பார்த்தேன். எல்லோருடைய இடது கையிலும் ஒரு போன். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே அவள் எப்போது அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, ஃப்ரேம்ல வராத. கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாய். தள்ளிக்கொண்டேன். கையைக் கழுவிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவளை அழைத்தேன். நீ சொல்லாமல் அவள் எழுந்திருக்கவில்லை.

உனக்கு ஐந்து வயதில் சேலையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பரிமாறியவர் உன்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்து உன் இலையைத் தாண்டிப் போய்விட்டார். நீ காலி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும், சத்தமாகப் பேசவே கூச்சப்படுகிறவர். அன்று எழுந்து நின்று, "பிள்ளை இலையில விழாம எங்க யாருக்கும் பரிமாறாதீங்க" என்றார். அந்த வரிசையே கையை நிறுத்தியது. பிள்ளைக்கு முதலில், பிறகுதான் பெரியவர்கள் என்பது நம் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. அப்படித்தான் சாப்பிட்டோம், அவ்வளவுதான். அந்த மனிதருடைய பிள்ளை வைத்த பந்தியில், பெரியவர்களெல்லாம் சாப்பிடுகிறோம், குழந்தை வேகாத கறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் அப்பா இல்லாமல் போனது நல்லது என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். அப்படி நினைக்க வைத்ததற்காகவே உன்மேல் எனக்குக் கோபம்.

சிஸ்டர் சொல்லாமல் விட்ட மீதி இதுதான். டான்டலஸ் தேவர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அவர்களுடைய தயவைப் பெற்றவன். ஒரு நாள் அவர்களைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தான். அவர்களை அசத்த வேண்டும், அவர்கள் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அதற்காகத் தன் சொந்த மகனை வெட்டிச் சமைத்து அவர்கள் முன்னால் வைத்தான். தேவர்கள் தட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டு கையை இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சாப்பிட்டாள். டெமிட்டர் என்ற தேவி. தன் மகளைப் பறிகொடுத்த துக்கத்தில், எதிரே இருப்பது என்ன என்று கவனிக்காமல், பிள்ளையின் தோளைத் தின்றுவிட்டாள். தண்ணீரும் பழமும் எட்டாத தண்டனை அவனுக்குக் கிடைத்தது இதற்காகத்தான். உன் பலகையில் சிவப்பு விளக்கில் எரிகிற வார்த்தைக்கு இதுதான் பிறப்பிடம்.

நான் உன்னைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை, அத்தையிடம் அப்படிப் போய்ச் சொல்லாதே. வந்தவர்களை அசத்துவதற்குத் தன் பிள்ளையைத் தட்டில் வைத்தான் என்ற அந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. துக்கத்தில் இருந்தவள், முன்னால் வைத்ததைக் கவனிக்காமல் வாயில் போட்டுக்கொண்டவள் நான். முதல் வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்பிச் சிரித்தேன். அந்தத் தேவிக்குத் தெரியாது. எனக்கோ அழுகை வீடியோவிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் சும்மா இருந்தேன்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் மா, ஒரு பட்டனை அமுக்கினால் டெலீட் ஆகிவிடும் என்பாய். கதையிலும் அப்படித்தான். தேவர்கள் அந்தப் பையனைத் திரும்ப ஒன்றுசேர்த்து உயிர் கொடுத்தார்கள். முன்னைவிட அழகாக இருந்தானாம். தேவி தின்றுவிட்ட தோளுக்குப் பதிலாக மட்டும் தந்தத்தில் ஒரு தோள் செய்து வைத்தார்கள். உன் மகள் நன்றாக வளர்வாள், படிப்பாள், எல்லாம் சரியாகும். ஆனால் யாராவது போனைத் தூக்கினால் அழுகிற அந்த இடம் அவள் சதையாகத் திரும்ப வராது. வீடியோவை நீ எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறாயோ அந்த இடம் அவ்வளவு சின்னதாக இருக்கும்.

உன் பிரியாணி நல்ல பிரியாணி. அதை விற்க உன் பெயர் போதும், உன் கை போதும். தினமும் அவளோடு உட்கார்ந்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு வேளை சாப்பிடு. அவள் முதலில் சாப்பிடட்டும், அவள் கதையெல்லாம் கேள். பலகையிலிருக்கும் வார்த்தையை மாற்றுவது உன் இஷ்டம். அர்த்தம் தெரியாமல் போட்டிருக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் யாருக்கும் பாவமில்லை.

வருகிற விடுமுறையில் கோவளத்தில் மீன் வறுவலுக்கு ஒரு ஷூட் வைத்திருக்கிறீர்கள் என்று உன் மனைவி சொன்னாள். கரையில் நிற்கும் படகு மேல் குழந்தை, அவள் முன்னால் தட்டு. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அவளை அங்கே கூட்டிப்போகிறாயா, இல்லையா? இதுவரை போட்டவற்றை எடுத்துவிடுவாயா, மாட்டாயா? போன் செய்யாதே. போனில் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அது கைவந்த வித்தை. வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். அவள் பெரியவளாகி, ஏன்பா அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு நாள் கேட்பாள். என்னிடம் கேட்க நான் இருக்கமாட்டேன், உன்னிடம்தான் கேட்பாள். நிறுத்திவிட்டேன் என்று சொல்ல அன்று உன் கையெழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து, கோவளத்துக்குப் போவதற்கு முன்னால், எனக்குப் பதில் எழுதி அனுப்பு.